டீம் பிட்பாஸ்: யானை ஒருவனிடம், கேட்டபல்ட் என்னிடம், குதிரை மச்சானிடம். படையெடுப்பை எப்படித் திட்டமிடுவது?

இன்னும்ஒருடர்ன் (திங்கள் இரவு)

2007-இல் வந்த ஆட்டத்தை இன்னுமா ஆடுகிறீர்கள் என்று கேட்க வருபவர்கள் கேட்டுவிட்டுப் போகலாம். பதில்: ஆமாம். மற்றவர்களுக்கு விஷயம் இதுதான்.

சிவிலைசேஷன் 4 (நாடு வளர்த்துப் போரிடும் கணினி ஆட்டம்), பியாண்ட் த ஸ்வார்ட் விரிவாக்கம், பேட்ச் 3.19. பிட்பாஸ் சர்வர், நார்மல் வேகம், மூன்று அணிகள், அணிக்கு மூன்று பேர். ஒரு நாளைக்கு ஒரு டர்ன் (சுற்று). அவரவர் வசதிப்பட்ட நேரத்தில் உள்ளே வந்து ஆடிவிட்டுப் போகலாம், இந்திய நேரம் இரவு 10 மணிக்கு டர்ன் மாறும். இன்று 96-வது டர்ன்.

நான் இந்தியா, அசோகர். என் மனைவியின் தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான், அவன் மங்கோலியா. கல்லூரி ரூம்மேட் டொராண்டோவில் இருக்கிறான், அவன் எகிப்து. ஒரே அணி என்பதால் ஆராய்ச்சி பொதுவில் நடக்கிறது, ஒருவன் பார்ப்பதை மூவரும் பார்க்கிறோம். ஆனால் படை தனித்தனி, புத்தியும் தனித்தனி.

கன்ஸ்ட்ரக்‌ஷன் வந்துவிட்டது. கேட்டபல்டுக்கும் யானைக்கும் வேண்டிய தொழில்நுட்பம் அது. தந்தம் டொராண்டோக்காரன் எல்லைக்குள் மட்டும்தான் இருக்கிறது, அதனால் யானைகள் அவனிடம்: 7. கேட்டபல்ட் (கல்லெறியும் பொறி) என் பொறுப்பு: 6 இருக்கிறது, வெள்ளிக்குள் 9 ஆக்கிவிடலாம். கூடவே 4 கோடாலி, 3 ஈட்டி. மச்சானிடம் 8 கெஷிக் (மங்கோலியக் குதிரை வில்வீரர்).

எதிரே பிரான்ஸ். எங்கள் கடைசிக் கட்டத்திலிருந்து எண்ணினால் மூன்றாவது கட்டத்தில் ஆர்லியன்ஸ். மேட்டு நகரம், சுவர் கிடையாது, பண்பாட்டால் வந்த தற்காப்பு 40%. அதற்குத் தெற்கே நான்கு கட்டம் தள்ளி லியான், சமவெளி. அதற்கும் கிழக்கே ரைம்ஸ். உளவுப் புள்ளிகளை பிரான்ஸ் மேலேயே கொட்டியதில் ஆர்லியன்ஸ் உள்ளே இருப்பது தெரிகிறது: 3 ஈட்டி, 2 கோடாலி, 4 வில்லாளி. அவர்கள் அணி இப்போது ஆராய்வது ஃபியூடலிசம் (லாங்போ என்ற நீள்வில் படையைத் தரும் தொழில்நுட்பம்) என்பதும் தெரிகிறது.

சண்டை எங்கே என்றால், எங்களுக்குள்தான். நான் உடனே போகலாம் என்கிறேன். டொராண்டோக்காரன், ‘நைட் (கவசக் குதிரைவீரன்) வரட்டும், அப்புறம் ஒரே மூச்சில் போகலாம்’ என்கிறான். மச்சானுக்கு அதெல்லாம் பொறுமை இல்லை, இன்றைக்கே எல்லைக்குள் பாய்ந்து நாலு வொர்க்கரைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும் அவனுக்கு.

இதற்கு முன் ஒரு தடவை சேர்ந்து போயிருக்கிறோம். 70-வது டர்ன் வாக்கில் வடக்கே ஒரு பார்பேரியன் நகரம். உள்ளே இரண்டே வில்லாளி. நான் அடித்துப் புண்ணாக்கி வைத்தேன், ரூம்மேட் மறுநாள் முடிப்பதாகப் பேச்சு, நடுவில் மச்சான் தூக்கத்தில் எழுந்து வந்து ஒரு அடி அடித்து நகரத்தை எடுத்துக்கொண்டான். குறை சொல்ல முடியாது, நகரம் அணிக்குத்தான் வந்தது. ஆனால் ரூம்மேட் மூன்று நாள் வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைத் தவிர வேறு எதுவும் அனுப்பவில்லை.

போகலாமா, காத்திருக்கலாமா? போவதென்றால் மூன்று நாட்டில் மூன்று நேரத்தில் விழித்திருக்கும் மூன்று பேர் ஒரே ஸ்டாக்கை (ஒரே கட்டத்தில் சேர்ந்து நிற்கும் படையை) எப்படி நடத்துவது?

---

கோட்டைவாசல் (செவ்வாய் காலை)

தம்பி, முதலில் ஒன்று கேட்கிறேன். எதிரணியில் யாராவது இங்கே வந்து படிப்பார்களா? நகரப் பெயர்களை மாற்றியாவது போட்டிருக்கலாம்.

போகலாமா என்ற கேள்விக்கு ஃபியூடலிசமே பதில். லாங்போ கணக்கைப் போட்டுப் பாருங்கள். அடிப்படை பலம் 6. நகரத்துக்குள் இருந்தால் 25%, மேட்டில் அதற்கென்று தனியாக 25%, மேடு எல்லோருக்கும் கொடுக்கிற 25%, ஐந்து டர்ன் அசையாமல் உட்கார்ந்திருந்தால் இன்னொரு 25%. பண்பாட்டுத் தற்காப்பை நீங்கள் பூஜ்யமாக்கிய பிறகும் அது 12. அதில் சிட்டி காரிசன் (நகரக் காவலுக்கான பதவி உயர்வு) வேறு எடுத்திருந்தால் கேட்கவே வேண்டாம். உங்கள் யானை 8. யானைக்கு சிட்டி ரெய்டர் (நகரத்தைத் தாக்குவதற்கான பதவி உயர்வு) எடுக்க முடியாது. ஃபியூடலிசம் வந்த அன்றே அந்த நான்கு வில்லாளிகளையும் காசு கொடுத்து லாங்போவாக மாற்றிவிடுவார்கள். அதற்கப்புறம் ஆர்லியன்ஸ் பக்கம் தலை வைத்துப் படுக்காதீர்கள்.

நைட்டுக்காகக் காத்திருப்பதாவது. நைட்டைத் தரும் கில்ட்ஸுக்கு ஃபியூடலிசமும் வேண்டும், மெஷினரியும் வேண்டும். நீங்கள் அங்கே போய்ச் சேர்வதற்குள் அவர்கள் கையில் பைக்மேன் (குதிரையைத் தடுக்கும் நீள்ஈட்டிக்காரன்) இருக்கும். 10-ஐக் கொண்டுபோய் 12-இல் மோத வைக்க எதற்கு முப்பது நாள் காத்திருக்க வேண்டும்?

மச்சான் வொர்க்கர் பிடிக்கப் போவதை இன்றே நிறுத்துங்கள். இரண்டு வொர்க்கருக்காக நகரத்துக்கு நகரம் ஈட்டி முளைக்கும். அணியில் ஒருவர் போர் அறிவித்தால் மூவருக்கும் போர்தான்.

இனி முக்கியமான இடம். உங்கள் ஆட்டத்தில் டபுள் மூவ் (ஒரே அணி டர்ன் மாறும் முன்னும் பின்னும் அடுத்தடுத்து ஆடிவிடுவது) பற்றிய விதி என்ன? போரில் இருக்கும் அணிகள் டர்னைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளும் வழக்கம்தான் என்றால், எப்படியாவது இரண்டாம் பாதியை எடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

போர் அறிவிக்கும் அன்று ஒரு கட்டம் உள்ளே போவீர்கள். எதிரி மண்ணில் சாலை உங்களுக்கு உதவாது, கேட்டபல்டும் யானையும் ஒரு கட்டம்தான் நகரும். மறுநாள் நகரத்தை ஒட்டி நிற்பீர்கள். மூன்றாம் நாள் அடி. முதல் பாதியில் ஆடினால், அறிவித்த அன்றே அவர்கள் பார்த்துவிட்டு ஒரு ஆளைச் சவுக்கடிக்குக் கொடுத்து (நகர மக்கள்தொகையில் ஒன்றைப் பலியிட்டு வேலையை உடனே முடிப்பது) ஒரு ஈட்டி செய்வார்கள், டர்ன் மாறியதும் அது நிற்கும். மறுநாளும் அதே. நீங்கள் அடிக்கும்போது கூடுதலாக இரண்டு. இரண்டாம் பாதியில் ஆடினால், நீங்கள் அறிவிக்கும்போது அவர்கள் அன்றைய ஆட்டத்தை முடித்துவிட்டுத் தூங்கப் போயிருப்பார்கள். மறுநாள்தான் முதல் சவுக்கடி. இரண்டாவது சவுக்கடியில் பிறக்க வேண்டிய யூனிட் பிறக்கும் முன்பே உங்கள் அடி விழுந்துவிடும். ஒரு நகரத்துக்கு ஒரு யூனிட் மிச்சம். கேட்க அற்பமாக இருக்கும். ஒரே ஒரு ஈட்டியால் திரும்பி வந்த படைகளை நான் பார்த்திருக்கிறேன், அதில் இரண்டு என்னுடையது.

அடிக்கிற வரிசை: ஒரு கேட்டபல்ட் ஒரு டர்னுக்கு 8% தற்காப்பைத் தட்டும். ஐந்து தட்டினால் 40% காலி. தட்டியது அன்றைக்கு அடிக்காது. மிச்சம் நான்கு நேராக உள்ளே மோதட்டும். அவை பெரும்பாலும் சாகும், சாகத்தான் அனுப்புகிறோம். ஒவ்வொன்றும் உள்ளே இருக்கும் பல யூனிட்களை ஒரே அடியில் காயப்படுத்தும். அதற்கப்புறம்தான் யானை. இந்த வரிசை மாறவே கூடாது. யானை போனால் எதிரே ஈட்டிதான் வந்து நிற்கும், நமக்கு வசதியான வில்லாளியை ஆட்டம் முன்னே தள்ளாது. காயம்படாத ஈட்டி மேட்டு நகரத்தில் யானைக்கு எதிராக 10. உங்கள் 8 அங்கே செத்துப்போகும்.

அதாவது கேட்டபல்ட் வைத்திருக்கும் நீங்கள் முதலில் லாகின் செய்ய வேண்டும், யானைக்காரர் உங்களுக்குப் பிறகு. யார் எத்தனை மணிக்கு என்று இப்போதே எழுதி வையுங்கள். என் அனுபவத்தில் டீம் ஆட்டத்தில் போர்த் திட்டம் என்பது முக்கால்வாசி இந்த நேர அட்டவணைதான்.

நிற்கிற கட்டத்தையும் பாருங்கள். ஆறு குறுக்கே இருந்தால் ஒவ்வொரு அடியிலும் 25% போகும். காட்டில் நிற்கலாம் என்று ஆசை வரும், ஆனால் யானைக்கும் கேட்டபல்டுக்கும் காடு எந்தத் தற்காப்பும் தராது, கோடாலிக்கும் ஈட்டிக்கும்தான் தரும்.

---

ராத்திரிஷிஃப்ட் (செவ்வாய் மதியம்)

கோட்டைவாசல் அண்ணன் சொன்னதில் எனக்கு வேறு கருத்து இல்லை. கெஷிக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அதை யாரும் தொடவில்லை.

அந்த எட்டையும் ஆர்லியன்ஸுக்குக் கொண்டுபோகாதீர்கள். மேட்டு நகரத்தில் ஈட்டியை மோத அது லாயக்கில்லை. கெஷிக்கின் அருமை என்னவென்றால் அதற்குக் காடு, மேடு எல்லாம் சமவெளி மாதிரிதான். சாதாரண ஹார்ஸ் ஆர்ச்சர் காட்டுக்குள் நுழைந்தால் அதோடு நின்றுவிடும், இது இரண்டு கட்டம் ஓடும். லியானுக்கும் ரைம்ஸுக்கும் இரண்டிரண்டு கட்டத்தில் ஏதாவது ஒரு கட்டம் இருக்கும் பாருங்கள், அங்கே போய் நின்றால் இரண்டு நகரமும் ஒரே நேரத்தில் பயப்படும். ஃபோர்க் என்பது அதுதான். லியான்காரன் ஈட்டியை ஆர்லியன்ஸுக்கு அனுப்பினால் லியான் காலி. அனுப்பாவிட்டால் ஆர்லியன்ஸுக்கு உதவி இல்லை.

ஆனால் முதல் நாளே அங்கே போய் நிற்கக் கூடாது. தனியாக நிற்கும் குதிரையை ஈட்டி வந்து குத்திவிட்டுப் போகும், காடு குதிரைக்கும் தற்காப்புத் தராது. ஸ்டாக் நகரத்தை ஒட்டி நிற்கிற அதே மாலைதான் கெஷிக் தெரிய வேண்டும்.

இன்னொன்று. லியானிலிருந்து ஆர்லியன்ஸுக்கு நான்கு கட்டம், சாலையில் ஒரு டர்னுக்கு இரண்டு கட்டம் என்றால் ஈட்டி இரண்டாவது டர்னில் வந்து சேர்ந்துவிடும். அந்தச் சாலையை நடுவில் வெட்டுங்கள். வெட்டுவதற்குப் பண்ணையோ சுரங்கமோ இல்லாத வெறும் சாலைக் கட்டமாகப் பாருங்கள். பண்ணை இருந்தால் முதல் கொள்ளையில் பண்ணைதான் போகும், சாலைக்கு இன்னொரு தடவை வேண்டும். ஒரே ஒரு கெஷிக் ஒரு கட்டம் நடந்து கொள்ளையடித்தால் வேலை முடிந்தது. அது செத்தாலும் 50 ஹேமர் (உற்பத்திப் புள்ளி). ஆர்லியன்ஸுக்கு ஒரு கட்டம் முன்னாலேயே நின்றுவிடும் ஈட்டிக்கு 50 ஹேமர் மலிவு.

---

அச்சுவெல்லம் (செவ்வாய் இரவு)

எல்லோரும் ஆர்லியன்ஸையே பார்க்கிறீர்கள். ஆட்டத்தில் மூன்று அணி என்று எழுதியிருக்கிறார். மூன்றாவது அணி எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது?

நான் ஆடிய டீம் ஆட்டங்களில் போரில் ஜெயித்து ஆட்டத்தில் தோற்றதுதான் அதிகம். நாங்களும் எதிரியும் இருபது டர்ன் ஒருவரை ஒருவர் கடித்துக்கொண்டிருப்போம், பக்கத்து அணி நிம்மதியாக நூலகம் கட்டிக்கொண்டிருக்கும். அவர்களிடம் இப்போதே பேசி, இன்ன டர்ன் வரை சண்டை இல்லை என்று எண் போட்டு எழுதி வாங்குங்கள். ‘நட்பாக இருப்போம்’ என்ற பேச்செல்லாம் செல்லாது, 130 என்றால் 130.

இரண்டாவது, பிடித்த நகரம் யாருக்கு என்று இன்றே முடிவு செய்யுங்கள். கட்டைவிரல் கதையைப் படித்துவிட்டுச் சொல்கிறேன். கடைசி அடி யாருடையதோ அவர் கையில்தான் நகரம் போகும், அது ஆட்டத்தின் விதி. அப்புறம் மாற்றிக் கொடுப்பதா, இடிப்பதா, யார் பராமரிப்புச் செலவை ஏற்பது என்று நகரம் விழுந்த ராத்திரியில் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

கேட்டபல்டை மூன்றே நாளில் மூன்று செய்ய வேண்டும் என்றால், அதற்கும் கணக்கு உண்டு. 50 ஹேமரில் 20 சேர்ந்த பிறகு ஒரு ஆளைக் கொடுத்தால் மீதி 30 வந்துவிடும். ஒன்றுமே போடாமல் புதிதாக ஆரம்பித்த அன்றே சவுக்கடி கொடுத்தால் 50 என்பது 75 ஆகிவிடும், ஒரு கேட்டபல்டுக்கு மூன்று ஆள் போவார்கள். புதிதாக ஆடுகிறவர்கள் அவசரத்தில் இதைத்தான் செய்கிறார்கள்.

அண்ணன் சொன்ன கணக்கை வேர்ல்ட் பில்டரில் (ஆட்டத்தோடு வரும் வரைபடம் அமைக்கும் கருவி) வைத்து ஒரு தடவை ஆடிப் பாருங்கள். ஆர்லியன்ஸ், மேடு, ஒன்பது யூனிட், உங்கள் ஸ்டாக். அரை மணி நேர வேலை. பத்து தடவை ஆடினால் எத்தனை தடவை விழுகிறது என்று தெரிந்துவிடும்.

---

இன்னும்ஒருடர்ன் (புதன் இரவு)

எல்லோருக்கும் நன்றி. எதிரணி மூவரும் போலந்துக்காரர்கள் அண்ணே, தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தால் கட்டைவிரல் கதை அவர்களுக்கும் சந்தோஷமாக இருக்கும்.

விதி நீங்கள் சொன்னதுதான். போர் அறிவித்த அன்று எந்தப் பாதியில் ஆடினோமோ அதே பாதியில் போர் முடியும்வரை ஆட வேண்டும். எங்களுக்கு இரண்டாம் பாதி என்றால் இந்திய நேரம் காலை 10 முதல் இரவு 10 வரை. நேற்று ராத்திரி சோதனை ஆட்டம் ஆடினோம், பத்தில் எட்டு தடவை நகரம் விழுந்தது. ரூம்மேட் அதைப் பார்த்த பிறகு நைட் பேச்சை எடுக்கவில்லை.

மூன்றாவது அணி கடலுக்கு அந்தப் பக்கம். 125 வரை என்று கேட்டோம், 120-க்கு ஒப்புக்கொண்டார்கள். ஆர்லியன்ஸ் எனக்கு, லியான் விழுந்தால் மச்சானுக்கு, அதற்கடுத்தது ரூம்மேட்டுக்கு. அவன் ‘எழுத்தில் கொடு’ என்றான், கூகுள் ஷீட்டில் ஒரு தனிப் பக்கமே போட்டாயிற்று.

அட்டவணை: சனிக்கிழமை, 101-வது டர்ன், அறிவிப்பு. ஞாயிறு ஒட்டி நிற்பது. திங்கள் அடி. நான் மாலை 5:45-க்குள் முடிக்கிறேன். ரூம்மேட் வேலைக்குக் கிளம்பும் முன் அவன் நேரம் காலை ஏழரைக்கு வருவான், நமக்கு மாலை 6. மச்சான் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு சிங்கப்பூர் நேரம் ராத்திரி 10, நமக்கு ஏழரை. என் ஃபாஸ்ட் வொர்க்கர்கள் உறையூரிலிருந்து கடைசிக் கட்டம் வரை சாலை போட்டாயிற்று. எல்லை நகரத்துக்கு உறையூர் என்று பெயர் வைத்திருக்கிறேன், யானைப் படை கிளம்புகிற ஊர் அல்லவா.

---

கோட்டைவாசல் (புதன் இரவு)

நல்ல அட்டவணை. ஒன்று மட்டும். ‘முடித்தாயிற்று’ என்று நீங்கள் எழுத்தில் போடாமல் யானைக்காரர் ஆட்டத்தைத் திறக்கவே கூடாது. கடிகாரத்தை நம்பாதீர்கள்.

---

இன்னும்ஒருடர்ன் (செவ்வாய் காலை)

அண்ணே, கடிகாரத்தை நம்பினோம்.

சனியும் ஞாயிறும் எண்ணெய் போட்ட மாதிரி நடந்தது. ஞாயிற்றுக்கிழமை லியானிலிருந்து இரண்டு ஈட்டியும் ஒரு கோடாலியும் ஆர்லியன்ஸுக்குக் கிளம்பிப் பாதி வழி வந்திருந்தன. மச்சான் நடுவில் சாலையை வெட்டினான். அந்த ஒரு கெஷிக் செத்தது, ஆனால் மூன்று யூனிட்டும் திங்கட்கிழமை ஒரு கட்டம் முன்னாலேயே வெட்டவெளியில் நின்றன. ராத்திரிஷிஃப்ட்டுக்கு ஒரு டீ கடன்.

திங்கள் மாலை நாலரைக்கு வீட்டிலிருந்து வேலை பார்த்தபடியே உள்ளே போனேன். ஐந்து கேட்டபல்ட் தட்டின: 40, 32, 24, 16, 8, 0. மிச்சம் நான்கை மோதவிடப் போகும்போது அலுவலகத்திலிருந்து அழைப்பு, ஐந்து நிமிடம் என்றார்கள். ஐந்தே முக்கால் வரை நேரம் இருக்கிறதே என்று அப்படியே வைத்துவிட்டுப் போனேன். அந்த ஐந்து நிமிடம் 5:40 வரை ஓடியது.

ஞாயிறு அதிகாலை கனடாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியிருக்கிறார்கள். மார்ச் இரண்டாவது ஞாயிறு, வருஷா வருஷம் நடப்பதுதான். அவனுடைய ஏழரை நம்முடைய ஆறு இல்லை, ஐந்து. சனி ஞாயிறு அவனுக்கு விடுமுறை, யார் முதலில் வருகிறோம் என்பது அந்த இரண்டு நாளும் பொருட்டே இல்லை, அதனால் யாருக்கும் உறைக்கவில்லை. அவன் சரியாகத் தன் ஏழரைக்கு வந்தான், வாசலில் தற்காப்பு 0% என்று பார்த்தான், நான் முடித்துவிட்டேன் என்று நினைத்தான். எழுத்தில் போட்டிருக்கிறேனா என்று பார்த்தானா என்றால், பார்க்கவில்லை. நானும் அந்த விதியை அட்டவணையில் ஏற்றவே இல்லை, உங்கள் பதிலுக்கு ஒரு லைக் போட்டதோடு சரி.

ஏழு யானையில் ஐந்தை அனுப்பியிருக்கிறான். நான்கு செத்தது, ஒன்று ஜெயித்து நொண்டிக்கொண்டு நிற்கிறது. நான்காவதுக்கு அப்புறமாவது வெற்றி விழுக்காட்டைப் பார்த்திருக்கலாம் என்றேன். ‘தஞ்சாவூர்க்காரன் யானையைத் திருப்பி அழைக்க மாட்டான்’ என்றான். அவன் சேலம்.

நான் 5:45-க்கு வந்தேன். நிகழ்வுப் பட்டியலில் சிவப்புச் சிவப்பாக வரிசை கட்டி நிற்கிறது. ஒரு நிமிடம் கை ஓடவில்லை. அப்புறம் மிச்சம் நான்கு கேட்டபல்டையும் மோதவிட்டேன். இரண்டு செத்தன, இரண்டு தப்பித்து வந்தன. உள்ளே எல்லாரும் மஞ்சளும் சிவப்புமாக ஆனார்கள். இதைத்தானே முதலில் செய்ய வேண்டியிருந்தது. ரூம்மேட்டை எழுப்பாத குறையாக அழைத்தேன், அவன் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தான். திரும்பி வீட்டுக்கு ஓடிப் போய் மிச்சம் இரண்டு யானையையும் விட்டான், இரண்டும் ஜெயித்தன. என் கோடாலி நான்கில் மூன்று ஜெயித்தன. கடைசியில் ஆர்லியன்ஸில் நான்கு பேர் அரை உயிரோடு மிச்சம், எங்களிடம் ஈட்டியைத் தவிர அடிக்க ஆள் இல்லை. செத்த நான்கு யானையும் இருந்திருந்தால் நகரம் எங்களுடையது.

ஏழரைக்கு மச்சான் வந்தான். ஆர்லியன்ஸ் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லியானில் மூன்று யூனிட் கிளம்பிப் போனதில் ஒரு வில்லாளியும், சவுக்கடியில் பிறந்த ஒரு ஈட்டியும்தான் மிச்சம். ஏழு கெஷிக்கில் இரண்டைக் கொடுத்து நகரத்தை எடுத்துக்கொண்டான். பிரான்ஸ் ஆடுகிறவர் இரவு 9 மணிக்கு ஆட்டத்துக்குள் எங்களுக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார். ஒரே ஒரு கேள்விக்குறி. யானைகளைப் பற்றித்தான் கேட்டிருப்பார்.

இப்போதைக்கு ஐந்து கேட்டபல்ட், காயத்தோடு தப்பித்த இரண்டு, மூன்று ஈட்டி, மூன்று கோடாலி, மூன்று யானை ஆர்லியன்ஸ் வாசலில் நிற்கின்றன. ஐந்து கேட்டபல்ட் இன்னும் மோதாமல் முழுசாக இருக்கிறது என்பதால் இன்று மாலை இன்னொரு தடவை போகிறோம். இந்த முறை நான் முழுசாக முடித்து, ஷீட்டில் பச்சை அடித்து, தொலைபேசியிலும் சொன்ன பிறகுதான் அவன் திறப்பான். நேரங்களை எல்லாம் இந்திய நேரத்தில் மட்டும் எழுதியாயிற்று.

ஷீட்டின்படி லியான் மச்சானுக்குத்தான், அதில் தகராறு இல்லை. விழுந்த கையோடு ஊருக்குப் பெயர் மாற்றிவிட்டான். ரூம்மேட் திறக்கும்போதெல்லாம் வரைபடத்தில் அதுதான் முதலில் கண்ணில் படுகிறதாம்: ‘ஏழரை’.